சங்கு ஊதாத பருவம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை நீங்கலாக நான் சுகம். நீயும் அத்தானும் எதுவும் நீங்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது உன் தம்பி பெண்டாட்டி எடுத்து, "அவர் இனிமே பேச மாட்டார்" என்று சொன்னாளாம். நீ கோபத்தில் வைத்துவிட்டாயாம். அவள் சொன்னது உண்மைதான், சொன்ன விதம்தான் கோளாறு. எனக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. இத்தனை வருடம் ஏலம் கூவியதற்கு உடம்பு கொடுத்த பரிசு. எடுத்துப் போட்டாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் வாய் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். தானிய மண்டியில் தரகன் என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மண்டியில் என் பெயர் ஆலைச் சங்கு என்பது உனக்குத் தெரியும். நான் கூவினால் பின் தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணி அடித்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய கதையும் தெரியும். அப்படிப்பட்டவன் இப்போது சட்டைப் பையில் பென்சிலோடு அலைகிறேன்.

நேரமும் சரியில்லை. மக்காச்சோள வரத்து தொடங்கப் போகிறது. நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனி பெரிய கிடங்கு திறந்திருக்கிறது. விவசாயி வீட்டிலிருந்தே போனில் விலை பார்த்துவிட்டு நேராக அங்கே போய்விடுகிறான். பருவம் முடிந்ததும் வரத்து குறைந்த கொட்டகையைப் பிடுங்கி அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம் என்று சந்தைக் குழு யோசிக்கிறதாம். என்னுடையது ஒன்பதாம் நம்பர். கூவாத கொட்டகைக்கு யார் வண்டியைத் திருப்புவான்?

கவலைப்படாதே, ஒரு விசில் வாங்கியிருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். உன் தொண்டை சீக்கிரம் ஆற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நினைத்துக்கொண்டே தைத்ததில் ஒரு ஆசிரியையின் ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாக வைத்துவிட்டேன்.

உன் டாக்டரின் முகவரியை அனுப்பு. உன் அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின், அத்தனை வருடம் "டிரைவரிடம் பேசாதீர்கள்" பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசுகிறார். அவருக்கும் ஒரு மூன்று மாதம் எழுதித் தருவாரா என்று கேள்.

விசில் என்ன விசில்? வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போ. மாடியில் நின்று அவள் கூப்பிட்டால் தெருக்கோடியில் காய்கறி வண்டி நிற்கிறதே, அதைவிட என்ன தகுதி வேண்டும்? கௌரவம் பார்க்காதே. கொட்டகை போய்விட்டால் கௌரவத்தை எங்கே கொண்டு போய் நிறுத்துவாய்?

வெந்நீர் குடி.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த வேளை, விசில் தோற்றுப்போன வேளை. முதல் ஊதலிலேயே பின்னால் வந்த லாரிக்காரர் தனக்குத்தான் சைகை என்று நினைத்து என் குவியல்மேல் லாரியை ஏற்றிவிட்டார். ஆகவே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூவுவதற்கு மட்டும்தான். விலை, பேரம் எல்லாம் நான் சீட்டில் எழுதிக் கொடுப்பேன் என்று ஏற்பாடு.

என் கொட்டகைக்கு வழக்கமாக வாங்க வருகிற இரண்டு பேரை உனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் மாவு ஆலைக்கு வாங்குபவர். வெயிலோ மழையோ கையில் குடை, அதனால் குடைக்காரர். இன்னொருவர் கோழித்தீவன ஆலையின் ஏஜெண்ட். முதல் நாள் குடைக்காரர் ஒரு விலை சொன்னார். அக்கா, இவள் பிறந்ததிலிருந்து சாமான் வாங்கியே பழகியவள். விற்றுப் பழக்கமில்லை. பழக்க தோஷத்தில், "கொஞ்சம் குறைச்சுக்குங்கண்ணே" என்றாள்.

குடைக்காரர் உடனே குறைத்துக்கொண்டார்.

சோளத்துக்காரர் தலையில் கை வைத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நான் குதித்தேன், கையை ஆட்டினேன், பென்சில் முனை உடைந்தது. அவளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்ததே தவிர வாய் மூடவில்லை. "ஏண்ணே, பொம்பள தெரியாம ஒரு வார்த்தை சொன்னா அதைப் பிடிச்சுக்கிறதா? உங்க ஆலை மாவைச் சலிச்சா இந்தப் புத்திதான் மிஞ்சுமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில், அவர் பழைய விலைக்கு மேலேயே போய் நின்றார்.

இன்னொரு விசித்திரம். வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று மண்டி தானாகவே முடிவு செய்துவிட்டது. டீக்கடைக்காரர் என்னிடம் இரண்டு விரலைக் குவளை மாதிரி வளைத்துக் காட்டுகிறார். கோழித்தீவன ஏஜெண்ட் என் முகத்துக்கு நேரே, "பாவம், எப்படி இருந்த மனுஷன்!" என்கிறார். நான் சிரித்து வைக்கிறேன். அவ்வளவு பேருக்கும் எழுதிக் காட்டத் தாள் ஏது?

அத்தான் பேசட்டும், விடு. பேச முடிகிறவரைக்கும் பேசட்டும்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். காது கேட்காது என்று அவர்கள் நினைத்தால் நீ ஏன் திருத்துகிறாய்? அப்படியே இரு. யாராவது பேசினால் தலையைக் கொஞ்சம் சாய்த்து, தூரத்தில் பார். ஆனால் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மட்டும் நகர்ந்துவிடு.

மற்றவை அடுத்த கடிதத்தில். உன் அத்தான் பேசுவதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார்.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. வரத்து அப்படி. ஆமாம், ஒன்பதாம் நம்பருக்குத்தான்!

நீ சொன்னபடி தூரத்தில் பார்த்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையிலேயே என் மேஜையில்தான் ரகசியம் பேச வசதி போலிருக்கிறது. குடைக்காரரும் ஏஜெண்ட்டும் வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு நீங்க எடுத்துக்குங்க. நான் சும்மா பேருக்கு ஒரு விலை கேட்டுட்டு விட்டுடறேன்" என்றார் குடைக்காரர்.

"நாளைக்கு உங்க முறை. ரெண்டு பேரும் ஏத்திவிட்டுக்கிட்டா யாருக்கு லாபம்?"

அக்கா, நான் தூரத்தையே பார்த்துக்கொண்டு டீயை முழுக்கக் குடித்தேன். இத்தனை வருடம் ஏலத்தில் விலை ஏறாவிட்டால் விவசாயி என் சட்டையைப் பிடித்தான். விலை இறங்கினால் தரகன் தின்றுவிட்டான் என்பான், ஏறினால் தரகன் அதிலும் தின்றிருப்பான் என்பான். மழை வந்து சோளம் நனைந்தாலும் என்னைத்தான் முறைப்பான். நானும் என் தொண்டை போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் கத்துவேன். கடைசியில் பார்த்தால் நான் கத்திய கத்தலில்தான் இவர்கள் பேசியது எனக்கே கேட்காமல் போயிருக்கிறது.

சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஏலத்தைத் தொடங்கி, ஏஜெண்ட் விலை கேட்டதும், ரொம்பப் பணிவாகத் திரும்பி, "குடை அண்ணே, இன்னிக்கு உங்க முறை இல்லையாமே? நாளைக்குத்தானா? இந்த விவசாயிங்களை நாளைக்கே வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

விவசாயிகள் அத்தனை பேரும் குடைக்காரரைப் பார்த்தார்கள். "யாரு சொன்னா? எனக்கு எப்பவும் முறைதான்!" என்று அவர் விலையை ஏற்றினார். அதில் கோபம் வந்து ஏஜெண்ட் ஏற்றினார். அன்று அந்தச் சோளம் போன விலையைக் கம்பெனிக் கிடங்கில் கனவிலும் தந்திருக்க மாட்டார்கள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தைத் தனித்தனியாக என் மேஜையில் வந்து பேசுகிறார்கள்.

அவள்தான் கூவுகிறாள், கூட்டம் வருகிறது. நல்லதுதானே. கூவுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தம்பி

மே 12

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். மூன்று மாதம் முடிந்திருக்குமே? டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார்? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நேற்று மதியம் உன் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு குழந்தை எடுத்து "அலோ" என்றது. குரல் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. "நீ யாரு கண்ணு? வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றேன். வைத்துவிட்டது. உன் மகளோ விடுதியில் இருக்கிறாள். வீட்டில் யாருடைய பிள்ளை?

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இங்கே வெயில் அதிகம். ஈரம் பார்க்கும் மிஷின் ஒன்று சந்தைக் குழு வாங்கியிருக்கிறது. காலையில் ஒரு எண் காட்டுகிறது, மதியம் அதே சோளத்துக்கு வேறு எண் காட்டுகிறது. அதைப் பற்றியே நான்கு பக்கம் எழுதலாம்.

நீ கேட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவ்வப்போது வரும். கூச்ச சுபாவம்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். எழுத இன்னும் நிறைய இருக்கிறது, தாள் தீர்ந்துவிட்டது.

தம்பி

மே 27

தம்பிக்கு,

நலம். தாள் தீர்ந்துவிட்டது என்றாயே என்று ஒரு கட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தையை மிரட்டிவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை. மிச்சத் துணியில் ஒரு சட்டை தைத்திருக்கிறேன். பையில் வாத்துப் படம் இருக்கிறது. குரலை வைத்து வயது ஆறு என்று கணக்குப் போட்டேன். அளவு சரியா என்று எழுது. பெயர் என்ன, பையனா பெண்ணா என்றும் எழுது.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு தேவலையா? நாங்கள் இருக்கிறோம்.

நான் கடிதம் எழுதுவதில்லை என்று உங்களுக்குக் குறை உண்டு. இன்று எழுதாமல் முடியவில்லை. நீங்கள் அனுப்பிய பார்சல் என் கையில் கிடைத்தது. அண்ணி, எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர். அவருக்குப் பிள்ளையும் இல்லை, அந்தச் சட்டையும் பற்றாது.

போனை எடுத்தது உங்கள் தம்பிதான்.

டாக்டர் மே மாதமே பேசச் சொல்லிவிட்டார். இவர் என்னிடம், "இன்னும் கொஞ்ச நாள் ஆகணுமாம்" என்று சீட்டில் எழுதிக் காட்டினார். ஆஸ்பத்திரி நர்சைக் கடைத்தெருவில் பார்த்தேன். "சார் இப்ப நல்லாப் பேசுறாரா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. டீக்கடையில் ஒட்டுக்கேட்கிற வசதிக்காக ஊமை வேஷம் போடுகிறார் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் மதியம் நம் கொட்டகைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற கிடங்குப் பக்கம் போனேன்.

மூட்டைகளுக்கு நடுவில் தனியாக நின்று ஏலம் கூவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி, கூவல் இல்லை அது. கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தூக்கி, பழைய மாதிரியே நின்றார். வந்தது அவ்வளவுதான். மறுபடியும் கூவினார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு மூட்டையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கால் ஓசை கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. யாரிடம் சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. நான் வாய் விட்டு, "பேசுங்க" என்று சொல்லாததற்கு என் காரணமும் உண்டு. இவர் பேசத் தொடங்கினால் நான் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். எனக்கு மண்டி பிடித்துப் போய்விட்டது. இதை இவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாதக் கடைசியில் சந்தைக் குழுக் கூட்டம். கொட்டகை விஷயம் அன்றுதான் முடிவாகும்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 16

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

அண்ணி எழுதுவது. நலம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தையல் மிஷின்மேல் விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை உன் அண்ணன், "ஏன் கண்ணைத் துடைக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததைப் பார்த்து, அவரும் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவனிடம் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சின்ன வயதில் அவன் அழுதால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதில்தான் அவனுக்குப் பெருமை. நீயும் கேட்காதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். உனக்கு மண்டி பிடித்திருப்பதை நீயே அவனிடம் சொல்லிவிடு. வீட்டில் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருப்பது போதும்.

சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அண்ணி

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை உட்பட நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

நீ அனுப்பிய கட்டிலிருந்துதான் இந்தத் தாள். உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எவ்வளவு தெரியும் என்று இவளுக்குத் தெரியாது. இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே சுலபம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் இவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்குக் குரல் வந்தாலும் நான் மண்டிக்கு வருவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். நான் பென்சிலைத் தேடினேன். கிடைத்தது. எழுதத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மண்டி முழுக்கக் கூட்ட அறையில் இருந்தது. வரத்துக் கணக்கில் ஒன்பதாம் நம்பர் முன்வரிசையில் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் கம்பெனி அதிகாரி எழுந்தார். "தலைவரே, ஒன்பதாம் நம்பர் உரிமம் வெச்சிருக்கிறவருக்குப் பேச்சும் வராது, காதும் கேக்காது. கூவினவங்களுக்கு உரிமமே கிடையாது. அந்த ஏலம் எதுவும் செல்லாது. வரத்தே இல்லைன்னுதான் எடுத்துக்கணும்" என்றார்.

இவள் எழுந்தாள். தலைவர் கையைக் காட்டி, "உரிமம் வெச்சிருக்கிறவர் மட்டும்தாம்மா இங்க பேசலாம்" என்றார். அக்கா, இவளைப் போன பிப்ரவரியிலிருந்து யாரும் பேசாதே என்று சொன்னதில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்தேன்.

"தலைவரே" என்றேன்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தபோது இன்னொருவர், "சத்தம் போடாதீங்கப்பா, சங்கு பேசுறார்" என்றார். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து கிட்டே வந்தார்கள். அந்த மண்டியில் என் பேச்சைக் கேட்க யாரும் இப்படி அமைதியாக இருந்ததே இல்லை.

"என் குரல் இப்ப இவ்வளவுதான். ஆனா காதுக்கு ஒரு குறையும் இல்ல. இந்தப் பருவம் முழுக்க நல்லாக் கேட்டுச்சு. டீக்கடையில கேட்டதும் சேத்து. ஏலம் ஒழுங்கா நடந்துச்சான்னு தெரியணும்னா, கேட்டதையெல்லாம் இங்கேயே சொல்றேன். சொல்லட்டுங்களா?"

நான் முடிப்பதற்குள் குடைக்காரர் எழுந்துவிட்டார். "வேண்டாம் தலைவரே! அவருக்குத் தொண்டை வலிக்கும்! ஒன்பதாம் நம்பர்ல எல்லாமே ஒழுங்கு. நானே சாட்சி!" என்றார். ஏஜெண்ட், "நானும் சாட்சி! அந்த மாதிரி ஏலம் எங்கயுமே நடக்கல!" என்றார். வாங்கியவர்களே இப்படிச் சொன்னபிறகு கம்பெனி அதிகாரி தன் கோப்பை மூடிவிட்டார். பிறகு குடைக்காரர் உட்கார்ந்து, என் எதிரில் தான் என்னென்ன பேசினோம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஆலை முதலாளியின் பொய்ப்பல் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

கொட்டகை நம்முடையதே. உரிமத்தில் இவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். குமாஸ்தா, "உதவியாளர்னு போடட்டுமா?" என்றார். "யாரு? அவரா, நானா?" என்றாள் இவள். குமாஸ்தா அந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிட்டார்.

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கம்பெனிக் கிடங்கு அங்கேயேதான் இருக்கிறது, மிஷின் தன் இஷ்டத்துக்குத்தான் எண் காட்டுகிறது, குடைக்காரரும் ஏஜெண்ட்டும் பேசிக்கொள்ள வேறு டீக்கடை பார்த்துவிட்டார்கள். நேற்று ஒரு அம்மா நான்கு மூட்டையோடு வந்தாள். வருடக்கணக்காக மண்டிக்கு வருபவள்தான், ஆனால் என் கொட்டகைப் பக்கம் வந்ததில்லை. என்ன விலை போகும் என்று கேட்டாள். கிட்டே போய்ச் சொன்னேன். ஈரம் எவ்வளவு இருக்கிறது, இரண்டு நாள் காயவைத்தால் எவ்வளவு கூடும் என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதை இத்தனை வருஷமா இப்படி மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல? நீங்க யாரையோ திட்டுறீங்கன்னுல்ல நெனச்சு ஒதுங்கிப் போனேன்" என்றாள்.

பழைய குரல் திரும்பாதாம். டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் ஒருமுறை தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இவள் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாள். இது மூன்றாவது தடவை. "காதுல விழலையா?" என்று வேறு கேட்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் "இதோ வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே கேட்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். போகிறேன்.

அன்புத் தம்பி